நம்ம லிமிட்ல வராது

கிராமப்புறங்களில் காவல் துறையும் மனநலத் துறையும் ஒத்துழைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். போன புரட்டாசியில் ஒரு நாள், ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, பாலத்தடி டீக்கடை பெஞ்சில் கொசுவுக்கு இரத்த தானம் செய்துகொண்டிருந்தேன். முன்னால் ரோந்து ஜீப் வந்தது. பின்னால் பேரூராட்சியின் குப்பை வண்டி. குப்பை வண்டிக்குள் எங்கள் கலெக்டர்.

பதற வேண்டாம். எங்களுக்கு இரண்டு கலெக்டர்கள். ஒருவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். திங்கட்கிழமை மனுவோடு வரிசையில் நின்றால் பார்க்கலாம். இன்னொருவர் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரோரம் இருக்கிறார்; எல்லாக் கிழமையும் பார்க்கலாம், லீவே எடுக்காதவர். கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். கல்யாணப் பத்திரிகை, மளிகைக்கடை பில், வாய்தா நோட்டீஸ், எதை நீட்டினாலும் வாங்கி, நிதானமாகப் படித்து, விரலால் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஊர் அதனால் கொடுத்த பட்டம். அவர் பேசுவது தெலுங்கு என்பார் சிலர், ஒடியா என்பார் சிலர். ஏழு வருடமாகச் சர்ச்சை நடக்கிறது. அவரிடமே கேட்டவர் இல்லை.

பாலத்தில் எங்கள் காவல் நிலையத்தின் எல்லை முடிகிறது. அங்கே பேரூராட்சி நட்ட பலகை ஒன்று: நன்றி, மீண்டும் வருக. பலகைக்கு அந்தப் பக்கம் கலெக்டரை இறக்கினார்கள். அவர் முனகவில்லை. வழியில் சத்தம் போடாமலிருக்க ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டு ஏற்றியிருந்தார்களாம். ஊசி சுகாதாரத் துறையுடையது, டீசல் காவல் துறையுடையது, வண்டி உள்ளாட்சித் துறையுடையது. மூன்று துறைகள், ஒரே இரவு, ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதாமல். எந்த நாட்டு நிபுணர் வந்து இதைவிட நல்ல ஒருங்கிணைப்பைக் கற்றுத்தரப் போகிறார்?

மூன்றாம் நாள் அவர் திரும்பிவிட்டார். நடந்து வரவில்லை. பக்கத்து லிமிட்காரர்கள் அவர்கள் டீசலில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். வட்டியாக, அவர்கள் ஊரில் திரிந்த ஒரு பாட்டியையும் சேர்த்து.

இந்த லிமிட் என்ற சொல்லைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நூறு வயது தாண்டிய சொல். 1912-இல் வெள்ளைக்காரன் போட்ட பைத்தியக்காரர் சட்டத்தில், காவல் நிலைய அதிகாரி தன் நிலைய எல்லைக்குள் திரியும் பைத்தியங்களைக் கைது செய்யலாம் என்று இருந்தது. 1987-இல் நாமே ஒரு சட்டம் எழுதினோம். பைத்தியம் என்ற சொல்லை எடுத்தோம், கைதை எடுத்துவிட்டுப் பாதுகாப்பு என்று போட்டோம். எல்லை அப்படியே இருந்தது. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. உரிமை, கண்ணியம் என்று பார்த்துப் பார்த்து எழுதிய சட்டம். அதன் 100-ஆவது பிரிவிலும் "நிலைய எல்லைக்குள்" வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைக்காரன் போனான், கைது போனது, பைத்தியம் போனது, லிமிட் மட்டும் போகவில்லை. ஊருக்கு ஓர் எல்லைச்சாமி உண்டு. அது வெளியிலிருந்து வரும் கெட்டதைத் தடுக்கும். ஸ்டேஷன் காக்கும் எல்லை வேறு ஜாதி. உள்ளே இருக்கும் பாவப்பட்டவனை வெளியே தள்ளும்.

அந்த 100-ஆவது பிரிவை ஒரு முறை அச்செடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனிதர், நாற்காலி காட்டினார்.

"சார், நூறு என்ன சொல்லுதுன்னா..."

"நூறா? அது பழைய நம்பர் சார். இப்ப அவசரம்னா 112."

சட்டப் பிரிவு என்று விளக்கியதும் படித்தார். ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்தால், ஏன் எடுத்தோம் என்று அவருக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீடில்லாமல் திரிபவர் என்றால், காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். ரைட்டர் கடைசி வரியில் விரலை வைத்துச் சிரித்தார். "எதிர்லயே உக்காந்திருக்கான். காணோம்னு எழுதச் சொல்லுதா சார் உங்க சட்டம்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. யோசித்தால் அதை எழுதியவர்கள் ஞானிகள். ஏழு வருடம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் யார் கண்ணிலும் படாத மனிதரை வேறு என்னவென்று எழுதுவது?

அந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்த ஒருவர் எங்கள் ஸ்டேஷனில் உண்டு. ஓர் ஏட்டு. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில் அவருக்கு இந்த விபரீத ஆசை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டருக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து, "வாங்க கலெக்டரய்யா, ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு இன்ஸ்பெக்ஷன்" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

தாலுகா ஜி.ஹெச்.சில் டியூட்டி டாக்டர் இளம்பெண். வாசல் வரைக்கும் ஓ.பி. வரிசை. மெமோவைப் பார்த்தார். "சைக்கியாட்ரி வியாழக்கிழமைதாங்க ஏட்டய்யா. இன்னிக்கு வெள்ளி." மாவட்ட மனநலக் குழு தாலுகா தாலுகாவாகச் சுற்றுவது, எங்கள் முறை வியாழன். அவசரமென்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்று அதே சட்டத்தின் 94-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கலெக்டரைப் படுக்கவைக்க அவரிடம் இருந்தது வராந்தாதான். ரெஃபர் என்று சீட்டு எழுதினார்.

ஸ்டேஷன் ஜீப் அமைச்சர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டது. ஏட்டு அரசு பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கச் சொன்னார். ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகு, கடைசி சீட்டு முழுவதும் காலியானது. எழுபது கிலோமீட்டர். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு. அங்கே கேட்ட முதல் கேள்வி, "மாஜிஸ்திரேட் ஆர்டர் எங்கே?" அது பழைய சட்டத்தில் கேட்டது, புதிய சட்டத்தில் இதற்கு வேண்டியதில்லை. ஆனால் சட்டம் செத்தாலும் அதன் ஃபாரம் சாவதில்லை. இரண்டாவது கேள்வி, "அட்டெண்டர் யாரு?" இரவு முழுக்க இருவரும் வராந்தாவில் இருந்தார்கள். அவர் கட்டுக் காகிதத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினார், இவர் தூங்கவில்லை.

காலையில் ஒரு விண்ணப்பம் நீட்டப்பட்டது. நோயாளியின் உறவினர் பெயர், பக்கத்தில் உறவுமுறை. ஏட்டு பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு தன் பெயரை எழுதி, உறவுமுறை என்ற கட்டத்தில் மாமா என்று எழுதினார். "ஊரே எங்களை மாமான்னுதானே சார் கூப்பிடுது. ஒரு எடத்துலயாவது உபயோகப்படட்டும்."

மணி 9:40. சட்டம் கொடுத்த கெடுவில் இருபது நிமிடம் மிச்சம். இந்த ஒரு மனிதரால் இந்த மாவட்டத்தில் அந்தப் பிரிவு ஒரு முறை உயிரோடு இருந்தது. அவருக்கு என்ன கிடைத்தது? மெடலா? அமைச்சர் பந்தோபஸ்துக்கு வராததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

பதினோராம் நாள் கலெக்டரைக் குளிப்பாட்டி, முடிவெட்டி, மாத்திரை அட்டையோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். எங்கே போவார்? வந்த பஸ் ஸ்டாண்டுக்குத்தான். வார்டில் மாத்திரை வேலைசெய்ய ஆரம்பித்தபோது, தன் ஊர் பெயரைச் சொன்னாராம். யாரோ ஓ.பி. சீட்டின் பின்னால் குறித்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு இன்னும் அவர் கட்டில் இருக்கிறது, நானே பார்த்தேன். மருந்துச்சீட்டுக் கையெழுத்து. மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். "பாரசிட்டமால் மாதிரி இருக்கு" என்றார்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்று 2019-இல் ஒரு கணக்கு வந்தது. முக்கால் டாக்டர். அந்த முக்காலில் நகரங்கள் எடுத்துக்கொண்டது போக எங்கள் தாலுகாவுக்கு வியாழக்கிழமை காலை வருவது எந்த உறுப்பு என்று தெரியவில்லை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16-இல் நடந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்களில் 73.6 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. அவர்கள் செய்த பிழை ஒன்றுதான்: வியாழக்கிழமையில் பைத்தியம் பிடிக்கவில்லை.

மற்ற மருந்துக்குக் கிழமை கிடையாது. எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் பூச்சிமருந்துதான். "மருந்தைக் குடிச்சிட்டா" என்றால் எந்த மருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். உரக்கடையில் ஏழு நாளும் கிடைக்கும். ஓ.பி. சீட்டு வேண்டாம், அட்டெண்டர் வேண்டாம், உறவுமுறை எழுத வேண்டாம். குடித்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் பக்கத்து ஜி.ஹெச்.சுக்கு ஓடுவதில்லை, அங்கே போனால் போலீஸ் கேஸ் என்று பயந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். அந்த முப்பது கிலோமீட்டரில் எத்தனை பேர் வாயில் நுரை தள்ளிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. முயன்றவரையெல்லாம் தண்டித்த பழைய 309 புதிய குற்றச் சட்டத்தில் இல்லை. செய்தி இன்னும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது, ஆனால் கேஸ் என்ற பூச்சாண்டி போய்விட்டால் சமாதானம் பேசி வாங்குகிற வரும்படியும் போய்விடும் இல்லையா?

அரசு கைவிட்டதைச் சாமிகள் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஜனத்துக்கு ஏர்வாடி தர்கா உண்டு, குணசீலம் பெருமாள் உண்டு, புளியம்பட்டி அந்தோணியார் உண்டு. மூன்று மதத்துச் சாமியும் லிமிட் கேட்டதில்லை, மாஜிஸ்திரேட் ஆர்டர் கேட்டதில்லை. குணசீலத்தில் 48 நாள் இருக்கச் சொல்வார்கள், வியாழக்கிழமை வா என்று சொல்ல மாட்டார்கள். 1794-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவமனை இரண்டேகால் நூற்றாண்டில் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு வசவாக மட்டும்தான்: கீழ்ப்பாக்கம் கேஸ். பிறகு ஜனம் ஏன் பஸ் ஏறி ஏர்வாடிக்குப் போகாது?

போனார்கள். சாமி சங்கிலி கேட்கவில்லை. சாமியைச் சுற்றிக் காப்பகம் நடத்தியவர்கள் கேட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு கீற்றுக்கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியோடு கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். ஓடத் தெரியாத பைத்தியங்கள் இல்லை அவர்கள். ஓட முடியாமல் பூட்டப்பட்டவர்கள். அந்தச் சங்கிலிகள் ஆகஸ்ட் 5 ராத்திரி மாட்டப்பட்டவை அல்ல. வருடக்கணக்காக நடுப்பகலில், வந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, மணியடித்ததுபோல் ஒலித்தவை. காதில் விழாத துறை எது? எல்லாத் துறையும். எரிந்த பிறகுதான் ஒவ்வொருவரும் ஜீப்பில் வந்தார்கள். இப்போது சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது என்று சட்டத்தில் 95-ஆவது பிரிவு இருக்கிறது. எங்கள் ஊர் மாட்டுக்கொட்டகை ஒன்றில் தாம்புக்கயிறு இருக்கிறது. கயிறுதானே, சங்கிலியா என்று கேட்கிறார்கள். அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் நான் தினமும் பால் வாங்கப் போகிறேன். நானும் இதுவரை 112-ஐ அழைக்கவில்லை. எழுதுகிறவன் லிமிட் எழுத்தோடு முடிகிறது.

மனநல அழைப்புக்கு வேறு எண் உண்டு: 14416. 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் பேசுகிறது. நல்ல சேவை, கிண்டல் செய்ய மாட்டேன். அழைக்க வேண்டியவரிடம் செல்போன் இல்லை, சட்டையே இல்லை என்பதற்கு அந்த எண் என்ன செய்யும்?

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒருங்கிணைப்புக் கூட்டம் கூடியது. காவல் துறைக்கு அவ்வப்போது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்வதால், கூட்டத்தையே பயிற்சியாகக் கணக்கெழுதினார்கள். முதல் மூன்று வரிசை வெள்ளைச்சட்டை, பின்வரிசையில் காக்கி. பார்வையாளராக நானும் ஒரு மூலையில் இருந்தேன். பவர்பாயிண்டில் மூளையின் படம் வந்தபோது கரண்ட் போனது. வந்ததும் சமோசா வந்தது. விவாதம் கடைசியில் ஒரே கேள்வியில் முட்டி நின்றது: ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கு டீசல் யார் தலைப்பில்? சுகாதாரம் காவல் துறையைக் காட்டியது, காவல் துறை வருவாய்த் துறையைக் காட்டியது, வருவாய்த் துறை வி.ஏ.ஓ.வைக் காட்டியது. அந்த மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. நடவடிக்கைக் குறிப்பு: "விரிவாக விவாதிக்கப்பட்டது." முடிவு: ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது.

வாட்ஸ்அப் என்றதும் எனக்குப் பழவேற்காடு ஞாபகம் வந்தது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செல்போனில் சுற்றிய வதந்தியை நம்பி, தெருவில் திரிந்த ஒரு மனிதரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2018-இல்தான். எது ஊருக்குள் முதலில் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அடித்தவர்கள் பைத்தியங்கள் அல்ல. ரேஷன் கார்டும், வாக்காளர் அட்டையும், தெளிந்த புத்தியும் உள்ளவர்கள். எங்கள் ஊர்க் குழுவிலும் இப்போது இரண்டு வேளை ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வருகிறது. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஒரு அதிகாரி தினமும் அனுப்புகிறார். அட்மின் மட்டுமே பேச முடிகிற குழு அது.

அக்டோபர் பத்தாம் தேதிப் பேரணிக்கு டி.எஸ்.பி. கொடியசைப்பதாக ஏற்பாடு. நர்சிங் மாணவிகள், மஞ்சள் டீ-ஷர்ட், பதாகை. தொடங்கும் இடம் பஸ் ஸ்டாண்ட். அங்கே சுவரோரம் ஒருவர் அசிங்கமாகப் படுத்திருந்தால் போட்டோவில் விழுமே? டீக்கடை பெஞ்சில் நான் பார்த்தேன் என்று சொன்னேனே, குப்பை வண்டி, அது அந்தப் பேரணிக்கு முந்தைய ராத்திரி. மனநோயாளிகளை அரவணைப்போம் என்ற முழக்கம் தடையில்லாமல் போவதற்காகப் பாதையில் இருந்த மனநோயாளியை அள்ளிக்கொண்டு போனார்கள்.

வட்டியாக வந்த பாட்டியின் கதையையும் முடித்துவிடுகிறேன். அவள் பாலத்தடியில் தங்கினாள். முந்தானையில் நிறைய முடிச்சுகள், ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கூழாங்கல். பிள்ளைகள் என்பாள். ராத்திரியில் கத்துவாள். அவளைத் தேடி வந்த ஆண்களுக்கு மட்டும் லிமிட் இருந்ததில்லை. இரண்டு கரையிலிருந்தும் வந்தார்கள். அவள் கத்தியது பைத்தியத்தால் என்று ஊர் முடிவுகட்டித் தூங்கியது. ஐப்பசி மழையில் மூன்று நாள் கத்தல் கேட்கவில்லை. நான்காம் நாள் ஆடு மேய்த்த சிறுவன் பார்த்தான்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டுமே! ஒரு மணி நேரத்தில் வி.ஏ.ஓ. வந்து புகார் எழுதிக் கொடுத்தார். ரைட்டர் பேனாவைத் திறந்தார். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. ஜீப் கிடைத்தது, டீசல் கிடைத்தது. ஜி.ஹெச்.சில் மெமோவைப் பார்த்ததும் டாக்டர் வந்தார். அன்று வியாழக்கிழமை அல்ல. உள்ளே இடம் கிடைத்தது, குளிர்சாதன வசதியோடு. படம் எடுத்து எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பினார்கள், குடும்பத்தைத் தேட. அங்க அடையாளத்தில் வலது கணுக்காலில் பழைய தழும்பு, கயிறோ சங்கிலியோ என்று எழுதினார்கள். சட்டம் 24 மணி நேரத்தில் செய்யச் சொன்னது எல்லாம் ஆறு மணி நேரத்தில் நடந்தேறியது. அடக்கச் செலவு மட்டும் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. ஏட்டு தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். பதிவேட்டில் உறவுமுறை கேட்டார்களா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

கலெக்டர் இருக்கிறார். பேரணி முடிந்து யாரோ கழற்றிப்போட்ட மஞ்சள் டீ-ஷர்ட் இப்போது அவர் மேல் இருக்கிறது. நெஞ்சில் "நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. பாட்டி போன பிறகு பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டுப் பாலத்துக்கே வந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஒருங்கிணைப்புக் கூட்டத்தின் அழைப்பிதழுக்கு விரலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், நேற்று நான் பார்த்தபோது. பீட் கான்ஸ்டபிள் பைக்கை நிறுத்தினான். சின்னப் பையன், இந்த வருடம்தான் பணியில் சேர்ந்தவன். அவரைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பாலத்தின் இரண்டு முனையையும் பார்த்தான். செல்லை எடுத்தான்.

"ஐயா, பாலத்துல உக்காந்திருக்கான்யா."

ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"எத்தனாவது தூண்ல?"